ஒரு குழி, ஐந்து பாட்டில், ஒரு தாள்: மண்ணை மண்ணாலேயே வரைவது எப்படி

இந்த வேலை முடியும்போது உங்கள் கையில் ஓர் ஏ3 தாள் இருக்கும். உங்கள் ஊர் நிலத்தின் ஐந்தடி ஆழம் அளவு பிசகாமல் அதில் இறங்கியிருக்கும். ஒவ்வொரு அடுக்கும் அந்தந்த ஆழத்தில் தோண்டி எடுத்த மண்ணாலேயே தீட்டப்பட்டிருக்கும். மேலே ஒரு கடலைச் செடி நிற்கும்.

மண்ணில் ஓவியம் என்றதும் பலரும் நிறம் தேடிக் கிளம்புகிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல், தேரிக்காட்டில் சிவப்பு, தஞ்சாவூர் வாய்க்காலில் வண்டல் என்று பத்து ஊர் மண்ணைப் பொட்டலம் கட்டி வந்து, கடைசியில் அதைக்கொண்டு மயில் வரைகிறார்கள். மயிலுக்குக் கடையில் விற்கும் வாட்டர்கலரே போதும். மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரே குழியில் நில்லுங்கள். ஒரே இடத்தில் மேலிருந்து கீழே போகப் போக நிறம் மாறுவதில்தான் விஷயம் இருக்கிறது.

மொத்தம் பத்து நாள் பிடிக்கும். கையில் வேலை இருப்பது நாலைந்து மணி நேரம்தான். மற்றதெல்லாம் காத்திருப்பு. அவசரப்பட்டவர்களின் படம் உதிர்ந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

குழிக்குப் போகும்போது: களைக்கொத்து அல்லது கொத்துக்கரண்டி, இஞ்ச் டேப், தடித்த பிளாஸ்டிக் பைகள், அழியாத மார்க்கர், பென்சில், கையுறை.

வீட்டில்: வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் ஐந்து, மாவு சல்லடை, பழைய வேட்டித் துணி, பீங்கான் தட்டு ஐந்து, வழுவழுப்பான தரை ஓடு ஒன்று, அடி தட்டையான கண்ணாடி டம்ளர் ஒன்று. சித்த மருந்து அரைக்கும் கல்வம் வீட்டில் இருந்தால் ரொம்ப நல்லது. சமையலுக்குப் புழங்கும் அம்மியையும் சல்லடையையும் இதற்கு எடுக்காதீர்கள். வயல் மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் இருக்கும்.

தாள் 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். சார்ட் பேப்பரில் முதல் பூச்சுக்கே அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். தூரிகை விலை குறைந்ததே போதும். மண்ணில் மிஞ்சும் பொடிமணல் மயிரைத் தேய்த்துவிடும், நல்ல தூரிகையை இதில் பலி கொடுக்க வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டியது கருவேலம் பிசின் 50 கிராம், கிராம்பு எண்ணெய் சிறு குப்பி. கடையில் "பிசின்" என்று மட்டும் கேட்டால் பாதாம் பிசினைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது தண்ணீரில் கரையாது, ஊதிப் பெருத்து ஜெல்லியாகும். ஜிகர்தண்டாவுக்குச் சரி, சாயத்துக்கு ஆகாது. என் முதல் வகுப்பில் நானே அதை வாங்கிப்போய் இருபது பேர் முன்னால் ஜெல்லி கிண்டியிருக்கிறேன்.

2. குழியைத் தேர்ந்தெடுத்தல்

நீங்களாக ஐந்தடி தோண்ட இறங்காதீர்கள். தளர்ந்த மண் சரிந்தால் ஆளை மூடிவிடும். வீட்டு அஸ்திவாரம், செப்டிக் டேங்குக்கு வெட்டிய புதுக்குழி, பண்ணைக் குட்டை, சாலைக்காக அறுத்த மேடு என்று ஊரில் ஏதாவது ஒரு பக்கம் நிலம் திறந்தே கிடக்கும். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கூட ஒருவரை மேலே நிறுத்திவிட்டு இறங்குங்கள். சுவரில் விரிசலோ ஈரக்கசிவோ தெரிந்தால் வேறு குழி பாருங்கள்.

கொட்டி நிரப்பிய மனைகள் உதவாது. ஒன்றரை அடி ஆழத்தில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் தலைகாட்டினால் அது வேறெங்கிருந்தோ லாரியில் வந்த மண். அந்த நிலத்தின் அடுக்கு அங்கே இல்லை.

தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, பழைய பேட்டரி கடை இவற்றின் பக்கம் எடுக்காதீர்கள். காப்புக்காட்டிலும், பானை ஓடு அடுக்கடுக்காகத் தெரியும் பழைய மேடுகளிலும் கை வைக்காதீர்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. அதை வீட்டில் உட்கார்ந்து அரைப்பது தேவையில்லாத வேலை.

3. சுரண்டு, அள, கீழிருந்து எடு

என் வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

முதலில் குழியின் ஒரு பக்கச் சுவரை, இரண்டு சாண் அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை ஒரு விரற்கடை ஆழம் சுரண்டித் தள்ளுங்கள். வெட்டிய சுவரில் மேல் மண் வழிந்து பூசியிருக்கும். அதை அகற்றாமல் பார்த்தால் ஐந்தடியும் ஒரே நிறமாகத் தெரியும். சுரண்டியதும் அடுக்குகள் துலக்கமாக வந்துவிடும்.

டேப்பை மேலிருந்து தொங்கவிட்டு, டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். நிறமோ மண்ணின் பதமோ எங்கே மாறுகிறது என்று சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். கோடு வெட்டினாற்போல் மாறுகிறதா, குழைந்து மாறுகிறதா என்பதையும் எழுதுங்கள். தீட்டும்போது இது வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் நான் வேலை செய்த ஒரு செம்மண் குழியின் குறிப்பு இது: 0–15 பழுப்புச் சிவப்பு, வேர் நிறைய. 15–50 நல்ல சிவப்பு. 50–90 அடர்சிவப்பு, முரம்பு (சரளைக் கல்) கலந்தது. 90–125 மஞ்சள் திட்டுகள். அதற்குக் கீழே வெளிறிய சாம்பல், கையில் நொறுங்கும் பாறை.

இனி மண்ணை எடுக்கலாம். அடியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் உதிரும் தூள் கீழ் அடுக்கில் விழுந்து கலந்துவிடும். பிறகு எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு அடுக்கின் நடுவிலிருந்தும் இரண்டு கைப்பிடி போதும். மணல் மிகுந்த அடுக்கானால் நாலு கைப்பிடி.

பையின் மேல் மார்க்கரால் ஊர், ஆழம், தேதி எழுதுங்கள். இதையே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயும் போடுங்கள். வெளி எழுத்து உரசி அழியும், பேனா மை ஈரத்தில் கரையும். பெயரில்லாத ஐந்து பைகளோடு வீடு திரும்பியவர்கள் உண்டு. உலர்ந்த பிறகு எது எந்த ஆழம் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. அந்த நிலத்தில் போன பட்டத்தில் என்ன பயிர் இருந்தது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் மேல்பகுதியில் அதுதான் வரப்போகிறது.

வெளிநாட்டு உறவினருக்கும் கொஞ்சம் அனுப்பலாமே என்று தோன்றும். வேண்டாம். மண்ணோடு கிருமியும் பூச்சியும் பயணிக்கும் என்பதால் பல நாடுகளில் அனுமதியில்லாமல் மண் கொண்டுபோகத் தடை இருக்கிறது. முடிந்த படத்தின் போட்டோவை அனுப்புங்கள்.

4. உலர்த்துதல், தேய்த்துப் பார்த்தல்

செய்தித்தாளில் பரப்பி, காற்றடிக்காத வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

காய்ந்த கட்டிகளைக் கையால் அழுத்தி உடைத்துச் சல்லடையில் சலியுங்கள். உலர்ந்த மண்ணை அம்மியில் போட்டு இடிக்க வேண்டாம். அதில் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். நயமாக அரைக்கும் வேலையெல்லாம் பின்னால், ஈரத்தில். சலிக்கும்போதும் முகக்கவசம் போடுங்கள்.

இப்போது ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் விரலால் வட்டமாகத் தேயுங்கள். தண்ணீரும் பசையும் இல்லாமலே நிறம் ஒட்டும். நெதர்லாந்துக் கலைஞர் ஹெர்மன் டி வ்ரீஸ் உலகெங்குமிருந்து சேர்த்த ஆயிரக்கணக்கான மண் மாதிரிகளை இப்படித் தாளில் தேய்த்தே வரிசைப்படுத்தி வைத்தார். படம் அவ்வளவுதான், வேறு எதுவும் வரையவில்லை. நமக்கு இது அளவுகோல். ஐந்து அடுக்கையும் வரிசையாகத் தேய்த்து, பக்கத்தில் ஆழத்தை எழுதி, சுவரில் ஒட்டுங்கள். ஈர மண் எப்போதும் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். சாயம் கலக்கும்போது கண் ஏமாறாமல் இருக்க, காய்ந்த நிறத்தின் சாட்சி ஒன்று கண் முன் வேண்டும்.

அந்தத் தாளைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். சிவப்பு என்பது ஹேமடைட், மஞ்சள் என்பது கோயதைட், இரண்டும் இரும்பின் வடிவங்கள். தண்ணீர் வெகுநாள் தேங்கிக் காற்றுப் போகாத இடத்தில் இரும்பு இந்த நிறங்களை இழந்து மண் சாம்பலாகும். மேலடுக்கின் பழுப்புக்குக் காரணம் மக்கிய இலையும் வேரும்.

5. தண்ணீரில் பிரித்தல்

மண்ணில் மணல், வண்டல், களி மூன்றும் கலந்திருக்கும். சாயத்துக்கு வேண்டியது பொடி வண்டலும் களியும். மணல் தாளில் ஒட்டாது, தூரிகையையும் தின்னும். எடை வித்தியாசத்தில் இல்லை, பருமன் வித்தியாசத்தில் இவற்றைப் பிரிக்கிறோம். பெரிய துகள் சீக்கிரம் மூழ்கும், சின்னது மிதந்துகொண்டே இருக்கும்.

பாட்டிலில் கால்பங்கு சலித்த மண், முக்கால்பங்கு தண்ணீர். ஒரு இரவு ஊறட்டும், கட்டி தானாகக் கரையும். காலையில் மூடிக் குலுக்கி வைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அதற்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மட்டும் வேட்டித் துணி வழியாக வேறொரு பாத்திரத்துக்கு மெதுவாக ஊற்றுங்கள். அடியில் மணல் சரசரக்கும்போது நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் விட்டு இதையே இரண்டு மூன்று முறை செய்தால் கலங்கல் குறைந்துகொண்டே வரும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, மேல் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு அடியில் நிற்பதை எடுத்துக்கொள்வது. அரிசி களையும் பழக்கம் கையில் இருக்கிறது அல்லவா, அதனால் கை தானாகப் போய்விடுகிறது. இங்கே எல்லாம் தலைகீழ். நீங்கள் தேடி வந்தது அந்தக் கலங்கலில்தான் இருக்கிறது.

கலங்கலை அசைக்காமல் ஓரமாக வையுங்கள். களித்துகள் பத்து சென்டிமீட்டர் இறங்கவே எட்டு மணி நேரமாவது ஆகும். இரண்டு நாளில் மேலே தெளிந்த நீர், அடியில் வெண்ணெய் போன்ற படிவு என்று பிரியும். மூன்றாம் நாளும் தெளியவில்லை என்றால் ஒரு சிட்டிகை படிகாரத் தூள் போட்டுக் கலக்குங்கள். ஊர்ப்பக்கம் கலங்கிய கிணற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கும் அதே வழிதான். களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கனமாகி இறங்கும்.

தெளிந்த நீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி ஒரு முறையாவது மீண்டும் தெளிய விடுங்கள். உப்பைக் கழுவுவதற்காக இது. படிகாரம் போட்டிருந்தாலும், நிலம் உவர் நிலமாக இருந்தாலும் மூன்று முறை கழுவுங்கள். நான் ஒரு தடவை சோம்பேறித்தனமாக இதை விட்டுவிட்டேன். படம் மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் அடியடுக்கு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து நின்றது. துடைத்தால் மண்ணும் சேர்ந்து வந்தது.

கடைசிப் படிவைப் பீங்கான் தட்டில் ஊற்றி நிழலில் காயவிடுங்கள். இரண்டு கைப்பிடி செம்மண்ணில் நாலைந்து ஸ்பூன் தேறினால் நல்ல வரவு. பாட்டிலின் அடியில் தங்கிய மணலையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் நத்தை ஓட்டுத் துணுக்கு, வேர்த்துண்டு, அபிரகம் (மைக்கா) எல்லாம் கிடக்கும். ஒவ்வொரு அடுக்கின் மணலையும் சிறு குப்பியில் போட்டுப் படத்தின் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவர்கள் படத்தைவிட அதன் முன்தான் அதிகம் நிற்கிறார்கள்.

6. பிசின் நீர்

கருவேலம் பிசினைத் தூளாக்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் துணியில் வடிகட்டுங்கள், பட்டையும் தூசியும் தங்கிவிடும். நாலு ஸ்பூன் பிசின் நீருக்கு ஒரு ஸ்பூன் தேன், இரண்டு துளி கிராம்பு எண்ணெய்.

பிசின் ஒட்ட வைக்கும். தேன் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, சாயம் ஒரேயடியாக இறுகி வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். கிராம்பு எண்ணெய் பூசணத்தைத் தள்ளிப்போடும். நம் ஊர் வெப்பத்துக்குப் பிசின் நீர் நாலைந்து நாளில் புளிக்கத் தொடங்கும். ஃபிரிட்ஜில் வையுங்கள், பாட்டிலில் பெயரும் எழுதுங்கள். வீட்டில் யாராவது நன்னாரி சர்பத் என்று எடுத்துவிடக் கூடாது.

பெவிகால் போடலாமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ஒட்டும். ஆனால் காய்ந்தபின் பிளாஸ்டிக் பளபளப்பு வந்து மண்ணின் தன்மை போய்விடும். சிறு பிள்ளைகள் வகுப்புக்கு மட்டும் தண்ணீர் கலந்து கொடுப்பேன்.

7. அரைத்துச் சேர்த்தல்

ஓட்டின் மேல் ஒரு ஸ்பூன் காய்ந்த படிவு, நடுவில் பள்ளம் பறித்து ஒரு ஸ்பூன் பிசின் நீர். டம்ளரின் அடியால் வட்டமாகத் தேயுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் குறைந்து, டம்ளர் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வழுக்க ஆரம்பிக்கும்வரை தேய்க்க வேண்டும். பத்து நிமிடமாவது ஆகும். கல்வத்தில் இன்னும் சுலபம்.

துண்டுத் தாளில் பூசிக் காயவைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் மண் வந்தால் பிசின் போதவில்லை. பளபளத்தாலோ, தாளை வளைத்ததும் வெடித்தாலோ பிசின் அதிகம். ஐந்து அடுக்குக்கும் ஒரே அளவு சரிவராது. களி கூடிய மண் அதிகம் பிசின் குடிக்கும், மேலடுக்கு குறைவாகக் கேட்கும். தேய்த்து ஒட்டிய தாளோடு நிறத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள் மண்ணைப் பழைய தோசைக்கல்லில் போட்டு நன்றாகச் சூடேற்றினால் சிவப்பாக மாறும். கோயதைட் தன்னிடமுள்ள நீரை இழந்து ஹேமடைட் ஆவதுதான் அது. பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் இந்தப் படத்துக்கு வேண்டாம். 90 சென்டிமீட்டரில் மஞ்சள் இருந்தால் படத்திலும் மஞ்சள்தான் இருக்க வேண்டும்.

8. தாளில் அளவு

ஏ3 தாளை நெட்டாக வையுங்கள். உயரம் 42 செ.மீ. கீழ் 30 செ.மீ. நிலத்துக்கு, மேல் 12 செ.மீ. செடிக்கு. ஐந்தடி என்பது ஏறக்குறைய 150 செ.மீ. ஆகவே நிலத்தின் 5 செ.மீ. தாளில் 1 செ.மீ. செடியையும் இதே அளவில்தான் போட வேண்டும். 40 செ.மீ. கடலைச் செடி தாளில் 8 செ.மீ.

புதியவர்கள் கணக்கைத் தவறவிடுவது மேலடுக்கில். 15 செ.மீ. மேல் மண் தாளில் 3 செ.மீ.தான். அது கண்ணுக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிவதால் கை தானாக ஆறு ஏழு சென்டிமீட்டருக்கு இழுத்துவிடுகிறது. இழுக்காதீர்கள். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது வேளாண்மைத் துறையினர் 'வி' வடிவில் வெட்டச் சொல்லும் ஆழம் பெரும்பாலும் இந்த 15 செ.மீ.தான். கடலைக் காய் பிடிப்பதும் அதற்குள்தான், தாளில் மேல்கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள். 2, 3 செ.மீ. மண் உருவாக ஆயிரம் ஆண்டுகூட ஆகலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. உங்கள் தாளில் அது அரை சென்டிமீட்டர், தூரிகையின் ஒரு இழுப்பு. அந்த மூன்று சென்டிமீட்டரை ஊதிப் பெருக்கிவிட்டால் படம் வரைந்த காரணமே போய்விடும்.

9. தீட்டும் வரிசை

தாளின் நாலு ஓரத்தையும் பேப்பர் டேப்பால் பலகையில் ஒட்டிப் படுக்கையாக வையுங்கள். சாய்த்து வைத்தால் கனமான துகள் கீழே வழிந்து பட்டை பட்டையாக நிற்கும்.

வெளிறிய அடியடுக்கிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். சிவப்பு மேல் வெளிர் நிறத்தைப் பூசித் திருத்த முடியாது, வெளிர் மேல் சிவப்பைப் பூசலாம். ஒரு தடித்த பூச்சுக்குப் பதில் மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

எல்லைக்கோடுகளுக்குக் குறிப்பேட்டைப் பாருங்கள். ஏர் ஓடிய ஆழத்தில் கோடு பெரும்பாலும் துலக்கமாக இருக்கும். அங்கே கீழடுக்கு காய்ந்தபின் தீட்டுங்கள். குழைந்து மாறும் இடங்களில் இரண்டும் ஈரமாக இருக்கும்போதே சேர விடுங்கள், மண் தானே ஒன்றுக்குள் ஒன்று பரவும்.

வேர்களைக் கடைசியில் கூர்மையான மூங்கில் குச்சியால் போடுங்கள். சாயம் அரை ஈரமாக இருக்கையில் கீறினால் அடியிலுள்ள தாள் வெள்ளையாகத் தெரியும், அதுவே வேர். செடியின் பச்சைக்கு மண்ணில் வழி தேட வேண்டாம். நான் பென்சிலோடு விட்டுவிடுவேன்.

வெள்ளை வேண்டுமென்றால் நாமக்கட்டியை உரைத்துப் பிசின் நீரில் கலக்கலாம், அதுவும் மண்தான். ஈரத்தில் கண்ணுக்கே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். தெரியவில்லை என்று மேலே மேலே அப்பாதீர்கள்.

10. கரிசல்காரர்களுக்குத் தனியாக

கரிசலின் களி தண்ணீரில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காடு வெடித்துக் கிடப்பதும் இதனால்தான். தாளிலும் அதையே செய்யும், செதில் செதிலாக எழும்பி உதிரும். பூச்சை இன்னும் மெலிதாக்குங்கள், ஐந்தாறு தடவை பூசுங்கள், தேனைச் சற்றுக் கூட்டுங்கள். தெளிய வைக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

கையில் தட்டுப்படும் வெள்ளைக் கற்கள் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்து எந்த ஆழத்தில் கிடந்தன என்று குறியுங்கள், அதே இடத்தில் நாமக்கட்டிப் புள்ளியாக வைக்கலாம்.

மேல் ஒரு பாகத்தில் மட்டும் வேண்டுமென்றே தடிமனாகப் பூசி வெடிக்க விட்டவர் ஒருவர் உண்டு. காய்ந்ததும் சித்திரை மாதத்துப் பருத்திக்காடு அப்படியே வந்து நின்றது. வெடிப்பின் ஓரங்களில் பிசின் நீரைத் துளித்துளியாக விட்டு ஒட்டவைத்தோம். இதை இரண்டாவது படத்தில் முயலுங்கள்.

11. காய்ந்த பிறகு

இரண்டு நாள் காயட்டும். கண்ணாடிச் சட்டம் போடுவதானால் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மண்ணைத் தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். இரும்பின் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் மங்காது. மக்கின் கருமைக்கு அந்த உறுதி இல்லை, ஆகவே நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

பாட்டில் கழுவிய தண்ணீரையும் மீந்த சேற்றையும் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். களி குழாயின் வளைவில் படிந்து இறுகிவிடும். எங்கள் வீட்டில் பிளம்பர் குழாயைக் கழற்றியபோது உள்ளிருந்து விழுந்தது அச்சில் வார்த்த மாதிரி ஒரு செம்மண் முழங்கை. பூந்தொட்டியில் ஊற்றுங்கள். மீந்த மணலை அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது குழியோரத்தில் கொட்டிவிட்டு வரலாம்.